நரம்பு பிடுங்கியின் கொக்கி

சீனாவின் கைஃபெங் நகரத்தில் அந்தச் சந்துக்கு முன்பெல்லாம் நரம்பு பிடுங்கிச் சந்து என்றுதான் பெயர். அங்கே இருந்த யூதர்கள் ஆட்டின் பின்னந்தொடையைச் சமைக்கும் முன் உள்ளே ஓடுகிற பெரிய நரம்பை உருவி எறிந்துவிடுவார்கள். முப்பாட்டன் யாக்கோபு விடிய விடிய ஒரு வானத்துக்காரனோடு மல்லுக்கட்டியபோது தொடைச் சந்தில் அடி வாங்கினாராம், அதற்கான மரியாதை. அதைப் பார்த்து ஊர் வைத்த பெயர்தான் அது.

அந்தச் சந்தில் ஆட்டு சூப் கடை வைத்திருந்தாள் ஷி யுன்ஷியா. பள்ளிக்கூடத்தில் "ஏய் நரம்பு பிடுங்கி!" என்று கூப்பிட்டவனின் மூக்கை உடைத்தவள். மில்லில் வேலை பார்த்த முப்பது வருஷமும் தன் ஜனத்துக்கு விலக்கான பன்றிக்கறித் தட்டைத் தள்ளிவிட்டு வெறும் ரொட்டியை மென்றவள். கறி ரேஷனில் கிடைத்த காலத்தில்கூட அவள் அப்பா அந்தச் சின்ன இரும்புக் கொக்கியால் நரம்பை உருவாமல் சட்டியை அடுப்பில் ஏற்றியதில்லை. பிள்ளைகள் பசியில் அழுவார்கள். "நல்லா அழுங்க. உருவிட்டுத்தான் தின்போம்" என்பார். கோயிலை வெள்ளம் கொண்டுபோயிற்று. வேதச் சுருள்கள் வெளியூர்க்காரர் கைக்குப் போயின. அவற்றைப் படிக்கும் எழுத்தும் மறந்துபோயிற்று. மிஞ்சியது கொக்கி ஒன்றுதான்.

அதைத்தான் கண்காட்சிக்கார தாவ் வந்து கேட்டான். அதுவும் இரண்டு கிண்ணம் சூப்பைக் குடித்துவிட்டு. "அக்கா, உங்க பரம்பரையை ஊரே பாக்கட்டும். குடுங்க, கண்ணாடிப் பெட்டியில பத்திரமா வெக்கிறேன்."

யுன்ஷியாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தேய்த்துக் கழுவி, நீலத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

திறப்பு நாளில் மகள் மிங்ஜூவைக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டிக்கு மேலே விளக்கு, கீழே பலகை. படித்தாள். மறுபடியும் படித்தாள். "யூதர் பயன்படுத்திய கொக்கி. இம்மக்கள் இன்று இல்லை."

"டேய் தாவ், இங்க வா! இது என்ன?"

"ஏன்க்கா, சரியாத்தானே இருக்கு?"

"அப்போ நேத்து மிளகாய் எண்ணெய் இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு யாருகிட்ட கேட்ட? பேய்கிட்டயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாவ் குரலைத் தாழ்த்தினான். "படிச்சவங்க எழுதிக் குடுத்ததுக்கா. கோயில் இல்ல, எழுத்து இல்ல... வேணும்னா 'கடைசி வாரிசு'ன்னு உங்க போட்டோவை மாட்டிடுறேன்."

"கடைசியா? இதோ நிக்கிறாளே, இவ யாரு?"

"அவங்க பேரு மா மிங்ஜூ. 'மா'ங்கறது அவங்க அப்பாவோட குடும்பப் பேரு, அவரு யூதர் இல்லையே. உங்க ஜனத்துல அப்பா வழிதான் கணக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். அதனாலேயே யுன்ஷியாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என்ன திமிர்! அவள் சொன்னதை எடுத்தே அவள் வாயை அடைக்கிறான்.

அதற்குள் மேடையில் கைதட்டல். அந்தக் காலத்து யூதர் வேஷத்தில் நீலத் தொப்பி மாட்டிய சமையல்காரன் ஒருவன், கூலிக்கு வந்தவன், ஒரு ஆட்டுக்காலைக் குடைந்து கொண்டிருந்தான். எல்லாரும் படம் பிடித்தார்கள்.

"அண்ணே!" கத்தியது மிங்ஜூ. "அது முன்னங்கால்! அதுல என்னத்தத் தேடுறீங்க, தொலைஞ்சுபோன சாவியையா?"

யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தாவுக்கும் தெரியவில்லை. யுன்ஷியா காவலாளியிடம் திரும்பினாள். "பெட்டியைத் திற." அவள் பார்த்த பார்வையில் அவன் திறந்துவிட்டான். கொக்கியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

மிங்ஜூ மேடையேறி ஒரு பின்னந்தொடையைக் கேட்டு வாங்கினாள். கொக்கியை உள்ளே விட்டு, மணிக்கட்டை ஒரு திருகு திருகி இழுத்தாள். வெள்ளை நரம்பு அறுபடாமல், முழுசாக வந்தது.

"பாத்தியாடா? நரம்பு என்ன, குடும்பப் பேரைக் கேட்டுட்டா வருது?" என்றாள் யுன்ஷியா. "பலகையைக் கழட்டு."

"மேலிடத்துல கேக்கணும்க்கா."

"கேளு. நீ கேட்டு முடிக்கிறவரைக்கும் இது எங்க வீட்டுல இருக்கும்."

கொக்கியை எடுத்துக்கொண்டு, மகளோடு நடந்துவிட்டாள். வெற்றுப் பெட்டியைப் பார்த்து, கொக்கி எங்கே என்று வந்தவர்கள் கேட்டபோது, காவலாளி மோவாயால் சூப் கடையைக் காட்டினான். கடைவாசலில் மிங்ஜூ தொடை தொடையாக உருவிக்கொண்டிருந்தாள். கூட்டமான கூட்டம்.

மத்தியானம் தாவ் அசடு வழிய வந்து உட்கார்ந்தான். "ஒரு சூப்புக்கா."

"பலகை கழட்டியாச்சா?"

"இன்னும்..."

யுன்ஷியா வெறுங்கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"இல்லாத ஜனத்தோட கடையில இல்லாத சூப்புதான் கெடைக்கும். ஆறுறதுக்குள்ள குடி."