மழைக்கோட்டு போடாத வெள்ளைத்துரை

என் தங்கை முருகேஸ்வரியின் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை மழைக்கோட்டு போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆமத்தூரிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகவர ஒரு பழைய பைக் வைத்திருந்தார். ஐப்பசி, கார்த்திகையில் சட்டையும் வேட்டியும் உடம்போடு ஒட்டிக்கொள்ள, தலையில் தண்ணீர் சொட்ட வந்து நிற்பார். "கோட்டு என்னாச்சு மாப்ள?" என்று கேட்டால், "நனைஞ்சா காஞ்சிட்டுப் போகுது மச்சான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் நான் நேர் எதிர். விருதுநகரிலிருந்து சிவகாசி அச்சகத்துக்குப் பைண்டிங் வேலைக்காகத் தினமும் பைக்கில் போகிறவன். இருபது வருஷத்தில் எந்த மழையிலும் நான் நனைந்துபோய் வேலையில் உட்கார்ந்ததில்லை. கோட்டை நம் அளவுக்கு வாங்கக் கூடாது, ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். தண்ணீர் உள்ளே புகுவது கழுத்து வழியாகத்தான், அதனால் காலருக்குள் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கோட்டோடு வரும் கால்சட்டையைச் செருப்புக்கு மேலே தொங்கவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் தூறலிலேயே வண்டியை நிறுத்திப் போட்டுக்கொள்ள வேண்டும். நனைந்த பிறகு கோட்டு போடுகிறவனைப் போல மடையன் கிடையாது. இதை யாரிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

வெள்ளைத்துரை கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அவருக்கு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. நனைந்து போனாலும் காய்ந்த பருத்தி உடுப்புக்கு மாறித்தான் உள்ளே நுழைய முடியும்; அங்கே ஈரமும் ஆகாது, நைலானும் ஆகாது. ஈரம் பட்டால் மருந்து தானாகச் சூடேறும். நைலான் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும். அறைக்குள் நுழையும் முன் உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். மனிதர் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். உடுப்பது, விரிப்பது, போர்த்துவது எல்லாம் பருத்தி. தலைதீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த பாலியஸ்டர் சட்டை மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

போன வருஷம் ஆவணியில், வயசுக்கு வந்த என் மகள் ஓவியாவுக்குச் சடங்கு வைத்தோம். அத்தைக்காரி இல்லாமல் சடங்கு உண்டா? முருகேஸ்வரிக்குப் பளபளவென்று ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். பட்டு மாதிரி இருக்கும், பட்டு இல்லை. அவளும் அதே ஆலையில் திரி செருகுகிற வேலை பார்த்தாள். தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் முழு நாள் லீவு கிடைக்கவில்லை. மதியத்தோடு கிளம்பி நேரே மண்டபத்துக்கு வந்துவிடலாம் என்று அந்தச் சேலையைக் கட்டி, மேலே கம்பெனியின் பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சோதனை போடுகிறவர்கள் அங்கியைத்தான் பார்த்தார்கள்.

பதினொரு மணிக்கு அவள் இருந்த அறையில் தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள், அவளும் ஓடிவந்தாள். ஆனால் முதுகில் தீ. அங்கி எரிந்து விழுந்துவிட்டது, சேலை விழவில்லை. உருகி முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளைத்துரை ஓடிவந்து அதைத் தன் வெறுங்கையால் உரித்து எடுத்தார். அதை வாங்கிக் கொடுத்தவன் நான்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து ஐப்பசியில் வீட்டுக்கு வந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் விருதுநகர் வந்து கட்டு மாற்ற வேண்டும். "கட்டு மட்டும் நனையக் கூடாது. நனைந்து சீழ் வைத்தால் தாங்குகிற தெம்பு இந்தம்மா உடம்பில் இல்லை" என்று டாக்டர் என்னையும் வெள்ளைத்துரையையும் நிற்க வைத்துச் சொன்னார். பஸ்ஸில் யாராவது முதுகில் இடித்துவிடுவார்கள். ஆட்டோ குலுங்குகிற குலுங்கலில் சாய்ந்தே ஆக வேண்டும். முதுகில் எதுவும் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வர பைக்கை விட்டால் வழியில்லை.

அடுத்த நாளே நல்லதாக ஒரு நைலான் மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு ஆமத்தூர் போனேன். என் பாடத்தை முதலிலிருந்து ஒப்பித்தேன். "மழை பெஞ்சா கிளம்பாதீக மாப்ள. வழியில பிடிச்சா, மொதத் தூத்தல்லயே மாட்டி விட்டுருங்க." அவர் அதைக் கையில் வாங்கி, தொட்டுப் பார்த்து, வண்டிப் பெட்டியில் வைத்தார்.

நான்காவது கட்டு மாற்றும் நாள். காலையில் வெயில்தான் அடித்தது. ஒன்பதரைக்கு வானம் கறுத்து, ஆளை அடிக்கிற மழை இறங்கியது. நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். பதினொன்றரைக்கு வந்தார்கள். நாலாக மடித்த பருத்திப் போர்வை அவளைச் சுற்றியிருந்தது, தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. உள்ளே கட்டு ஊறிப்போயிருந்தது. நான் ஓடிப்போய் வண்டிப் பெட்டியைத் திறந்தேன். கோட்டு காய்ந்தபடி உள்ளே இருந்தது.

அத்தனை பேர் முன்னால் அவரை என்னென்னவோ கேட்டேன். மனிதன்தானா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "விடுங்கண்ணே, இம்புட்டுத் தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் முருகேஸ்வரி. அவளுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். பிள்ளை இல்லாத வீடு, அவர்தான் கொள்ளி வைத்தார். சுடுகாட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. "இருவது வருசம் கம்பெனி மருந்தை நனையாமக் காத்த ஆளுக்கு, பொண்டாட்டியைக் காக்கத் தெரியல" என்றேன். யாரோ என் வாயைப் பொத்தினார்கள். அதன்பிறகு அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் கோட்டுக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, ஒளிப்பானேன்.

இந்த வருஷம் கார்த்திகையில் சிவகாசிக்குப் போகும்போது ஆமத்தூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. கோட்டு மாட்டுவதற்காக பஸ் நிறுத்தக் கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். கம்பெனி வேனுக்காகக் கருப்பம்மாள் நின்றிருந்தாள். என் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகியவள்.

"இன்னமும் மாப்ளைகிட்டப் பேசலையாண்ணே?" என்றாள்.

"கோட்டைப் பெட்டியில வச்சுக்கிட்டு அவளை நனைய விட்ட ஆளுகிட்ட என்ன பேச்சு?"

அவள் என் பக்கம் நெருங்கி வந்தாள்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் இங்கனதாண்ணே நின்னாக, நானும் நின்னேன். உங்க மாப்ளை கோட்டை எடுத்து விரிச்சாக. அது மொடமொடன்னு பக்கத்துல வரவும் முருகேஸ்வரி அலறிட்டா. 'ஒட்டிக்கிரும், ஒட்டிக்கிரும்'னு கத்துறா, இன்னும் மேல படவே இல்ல. மாப்ளை கையெடுத்துக் கும்பிட்டுப் பாத்தாக, நானும் கெஞ்சினேன். மாட்டேன்னுட்டா. ஒரு மணி நேரம் நின்னும் மழை விடல. நேரம் போனா கட்டுப் பிரிக்க ஆள் இருக்காதுன்னு அவதான் கிளம்பச் சொன்னா. போர்வையைச் சுத்திக்கிட்டு வண்டியில ஏறுறப்ப மாப்ளைகிட்டச் சொன்னா, 'நான் வேணாம்னதை எங்கண்ணன்கிட்டச் சொல்லாதீக. தான் எடுத்துக் குடுத்த சேலையை நெனச்சு நெனச்சே அண்ணன் செத்துப்போகும். நீங்க போட்டு விடலைன்னே இருக்கட்டும்'னு. எங்கிட்டயும் சத்தியம் வாங்கினா. ஒரு வருசம் பொறுத்துட்டேன், இனி முடியலண்ணே."

நான் சிவகாசிக்குப் போகவில்லை. கோட்டை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். வெள்ளைத்துரை வீட்டில் இருந்தார். தீக்காயத்தில் விரல்கள் சரியாக மடங்காததால் ஆலை வேலையை விட்டிருந்தார். நனைந்து நின்ற என்னைப் பார்த்ததும் ஒரு பருத்தித் துண்டை எடுத்து நீட்டினார். நான் வாங்காமல் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை முழுக்கத் தோல் வழவழவென்று இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு வருஷத்தில் அந்தக் கைகளை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ள. ஊர் முச்சூடும் உங்களைக் கொலைகாரன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்று அழுதேன்.

"திட்டுங்கன்னுதான் இருந்தேன் மச்சான்" என்றார் அவர். "நீங்க என்னையத் திட்டுற வரைக்கும் உங்களுக்குச் சேலை நெனப்பு வரலைன்னு அர்த்தம்ல."