பேஸ்போல்காரனைப் பற்றி விசாரித்தார்கள்

ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் நான் மேற்பார்வையாளராக இருக்கும் கிடங்கில் அந்த அமெரிக்கன் பெட்டி அடுக்க வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி ஆக்லாந்துக்காரி, அவளோடு வந்தவன். அதற்கு முன் தன் நாட்டில் பேஸ்போல் பந்து வீசிச் சம்பளம் வாங்கியிருக்கிறான். பெரிய அணிகளில் அல்ல, அவற்றுக்கு ஆள் தயார்செய்யும் சிறிய அணிகளில். தோள் போனதும் விளையாட்டும் போய்விட்டது.

நானும் பந்து வீசியவன்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு வேகப்பந்து. இங்கே வந்த புதிதில் ஒரு கிரிக்கெட் கழகத்தில் பயிற்சியாளர் வேலை கேட்டுப் போனேன். ஸ்கோர் எழுதுவீர்களா என்று கேட்டார்கள். ஒரு பருவம் முழுக்க எழுதினேன். அந்த வெட்கத்தை யாருக்கும் சொன்னதில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவன் சொன்னான், தொழில்முறை பேஸ்போல் அணி ஒன்று தன்னைப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக எடுக்க யோசிக்கிறதாம். என் பெயரைக் கொடுத்திருக்கிறானாம், விசாரிப்பார்களாம். கைகுலுக்கினேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி நேரே கேட்டாள்.

"உங்களுக்கு அவனிலை பொறாமையோ?"

"எனக்கென்ன பொறாமை? கையைத் தூக்கவே ஏலாதவன். அவனெல்லாம் ஒரு கோச்சோ?"

"ஓம், இதைத்தான் பொறாமை எண்டுறது."

மூன்றாம் நாள் அணியின் முகாமையாளர் அழைத்தார். கலியாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்களுக்கு எங்கள் ஆட்கள் சிலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "பொடியன் தங்கமான பொடியன், ஆனால்..." அந்த ஆனாலோடு சம்பந்தம் குழம்பிவிடும். நானும் அப்படியே கதைத்தேன். நேரத்துக்கு வருவான், நல்ல மனிதன். ஆனால் வலது தோள் பழுது. தலைக்கு மேல் பெட்டி தூக்க மாட்டான். ஒருமுறை எங்களுக்குப் பந்து எறிந்து காட்டிவிட்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. கேட்காததையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது உள்ளே குளிர்ந்தது. முகாமையாளர் நன்றி சொல்லி ஃபோனை வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் விலகல் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தான். வேலை கிடைத்துவிட்டது. என் முகத்தில் என்ன கண்டானோ, தானாகவே விளக்கினான்.

"தோளைப் பற்றி நானே முதலில் சொல்லிவிட்டேன். எப்படி எறிந்து கெடுத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களை அப்படிக் கெட்டுப்போக விடமாட்டேன் என்றேன். நான் சொன்னது உண்மைதானா என்று பார்க்கத்தான் உங்களிடம் கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் எனக்கு உதவுவதாக நினைத்து மறைத்திருப்பார்கள். நீங்கள் மறைக்கவில்லை."

மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். நல்லது, நல்லது என்று அவன் முதுகில் தட்டினேன். அவனுக்கு வேலை கிடைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கெடுக்க வேண்டும் என்றே நான் சொன்னதற்கு அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனானே, அதற்குத்தான் இன்றும் வயிறெரிகிறது.