சிறுமலையில் மஞ்சள் அம்பைத் தேடிப் போகிறவர்கள் கவனத்துக்கு

திண்டுக்கல் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டில் மஞ்சள் தூள் தீர்ந்துவிட்டது. அரைக் கிலோ பாக்கெட். பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மா விசாரணைக் கமிஷன் அமைத்து, முதல் குற்றவாளியாக என்னையும் இரண்டாவது குற்றவாளியாக மறுபடியும் என்னையும் அறிவித்திருக்கிறார். அந்த மஞ்சள் போன வழிதான் இந்தப் பயணக் கட்டுரை. சிறுமலைக்கு நடக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படிக்கவும்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பெரியம்மா மகன் அருள் அண்ணன். ஸ்பெயினில் இரண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படித்துவிட்டு வந்து, ஐந்து மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார். அங்கே ஏதோ ஒரு கிராமத்தில் தங்கியிருந்தாராம். ஊரைச் சுற்றி நடக்கிற பாதை, பழைய கோட்டை, பழைய சர்ச், ஒவ்வொரு திருப்பத்திலும் கல்லில் ஒரு மஞ்சள் அம்பு. "யாரையும் வழி கேக்கவே வேணாம்டா. அம்பைப் பாத்தாப் போதும்." இட்லிக்கு நல்லெண்ணெய் ஊற்றினால் அங்கத்திய ஆலிவ் எண்ணெய். பவர் கட் ஆனால் அங்கத்திய கரண்ட். அவர் ஸ்பெயின் ஸ்பெயின் என்று சொல்லச் சொல்ல எங்களுக்கு வெறும் பெயின்தான் மிச்சம்.

அரையாண்டு லீவில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்க சிறுமலையிலயும் மஞ்சள் அம்பு இருக்கு. நான் நடக்காத பாதையே அங்க இல்ல. கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சொன்னது. மூளை அப்போது சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட வெஞ்சனத்தில் இருந்தது.

சொன்ன பிறகு அம்பு வேண்டுமே! திங்கட்கிழமை நானும் என் வகுப்பு நண்பன் இம்ரானும் சிறுமலைக்குப் பஸ் ஏறினோம். காட்டில் பெயிண்ட் அடித்தால் வனத்துறை நம்மை அடிக்கும். மஞ்சள் என்றால் ஒரு மழைக்குக் கரைந்துவிடும், யாருக்கும் கெடுதல் இல்லை. டீக்கடையில் தண்ணீர் வாங்கி, நானே என் கையால் கெட்டியாகக் கரைத்தேன். பாதையில் கிடந்த கற்களில் அம்புகள் ஏறின. திட்டம் இதுதான்: அண்ணன் அம்பைப் பின்பற்றி ஒன்றரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்து, கடைசியில் கிளம்பின அதே டீக்கடைக்கு வந்து சேர வேண்டும். முன்யோசனை, கலைநயம், மேற்பார்வை எல்லாம் என்னுடையது.

புதன்கிழமை சாயந்திரம் முன்னோட்டமாக அண்ணனும் நானும் டவுன் மலைக்கோட்டைக்குப் போனோம். பாறையில் செதுக்கின படியில் ஏற இருபத்தைந்து நிமிஷம். மேலே பீரங்கி மேடை, ஆயுதக் கிடங்கு, சாமி இல்லாத ஒரு கோவில். வெயில் தாழ்ந்து போனால் காற்று பிரமாதமாக இருக்கும், தண்ணீரை மட்டும் கீழேயே வாங்கிக்கொள்ளவும். அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்க கோட்டையில ஆடியோ கைடு குடுப்பாங்கடா" என்றார். இங்கே நான்தான் ஆடியோ, நான்தான் கைடு என்றேன். காதில் வாங்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை ஆறரை மணி பஸ். கிளம்பும்போது பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அன்றைக்கு மூன்று மணிக்கு அண்ணனுக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ, கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனி. "அஞ்சு மாசத்துல வந்த ஒரே அழைப்புடா. வீட்டுக்குள்ளயே கெடந்து பிள்ள முகமே செத்துப்போச்சு, அதான் போயிட்டு வரட்டும்னு விடுறேன். ரெண்டு மணிக்குள்ள இங்க இருக்கணும். நீ வழி தெரிஞ்ச பய, உன்னை நம்பி அனுப்புறேன்." வழி தெரிஞ்ச பய பலமாகத் தலையை ஆட்டினேன்.

ஆறரை மணி பஸ் ஏழே காலுக்கு வந்தது. இருபத்தைந்து கிலோமீட்டர், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. "ஏன்ணே லேட்டு?" என்று கேட்டதற்கு டிரைவர், "நீதான் சீக்கிரம் வந்துட்ட அப்பு" என்றார். கண்டக்டர் இன்னும் தெளிவாக, "திரும்ப பன்னெண்டே காலுக்கு ஒண்ணு இருக்கு, அதை விட்டா சாயந்திரந்தான். அங்கிட்டு நின்னு கையைக் காட்டிப் பிரயோசனமில்ல" என்றார். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே பஸ் கொஞ்சம், கருணை அதைவிடக் கொஞ்சம்.

எட்டரைக்கு மலைமேல் புதூர் கிராமத்தில் இறங்கி, டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ, நாலு பஜ்ஜி. கடைக்குப் பின்னால் இறங்கும் ஒற்றையடிப் பாதை பழைய சுமைப் பாதை. ரோடு வருவதற்கு முன்னால் வாழைத்தாரும் எலுமிச்சையும் இந்த வழியாகத்தான் குதிரையில் போனதாம். இன்றைக்கும் தோட்டங்களிலிருந்து குதிரைதான் சுமக்கிறது. வழியில் இடிந்து போன வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று, சுவரைப் பிளந்து ஆலமரம். போட்டோவுக்கு நல்ல இடம், அட்டைப் பூச்சிக்கும் நல்ல இடம்.

முதல் அம்பு அப்படியே இருந்தது. அண்ணன் குனிந்து உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தார். "ஏலே, நெசமாவே இருக்குடா!" ஐந்து மாதத்தில் அவர் பல் தெரியச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். ஆறு போட்டோ எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மூன்றாவது கல்லில் அம்புக்கு மேல் குங்குமப் பொட்டு. நாலாவதில் அம்பே தெரியவில்லை, அரளிப் பூ மாலை. ஐந்தாவது கல் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. ஆறாவது, பாதையை விட்டு இருபதடி தள்ளி ஒரு பலா மரத்தடியில், முன்னால் எலுமிச்சம்பழமும் எரிந்த கற்பூரமுமாக உட்கார்ந்திருந்தது. அம்பு வானத்தைக் காட்டியது. அதற்கப்புறம் மிளகுக்கொடி, காப்பிச்செடி, மறுபடி மிளகுக்கொடி. இடிந்த பங்களாவை மூன்று தரம் பார்த்தோம். மூன்றாவது தரம் பங்களாவே எங்களைப் பார்த்து அலுத்துப்போன மாதிரி இருந்தது. மணி பன்னிரண்டே கால் ஆனபோது தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. இனி வீட்டுக்குப் போய் இன்டர்வியூ நடக்காது. போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அண்ணன் திட்டவில்லை. வாட்சைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

இன்னும் ஒன்றேகால் மணி நேரம் சுற்றின பிறகு, மிளகு பறிக்கிற அக்கா ஒருவர் தலையில் மூட்டையோடு எதிரே வந்தார்.

"எங்கிட்டுப் போறீக அப்பு? காலையில இருந்து இங்கிட்டும் அங்கிட்டும் சத்தம் கேக்குது."

"புதூர்க்கா. மஞ்சள் அம்பைப் பாத்து வந்தோம், காணோம்" என்றார் அண்ணன்.

"அம்பா? அந்த மஞ்சக் கல்லா? நடுப்பாதையில கெடந்துச்சு தம்பி. மஞ்ச பூசுன கல்ல யாராச்சும் மிதிப்பாகளா? வேலைக்கு வந்த நாங்க நாலு பேருந்தான் கால் படாம தூக்கி மரத்தடியில வச்சு, பூப் போட்டுக் கும்பிட்டோம். எந்த எடுபட்ட பய வழியில போட்டான்னு தெரியல. கையில கெடச்சான்னா தெரியும் சேதி!"

அண்ணன் மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தார். மூன்று நாளாகியும் நகம் பத்தும் பளபளவென்று மஞ்சளாக இருந்தது. நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டேன். கோட்டையில் கோவில் இருந்தது, சாமி இல்லை. இங்கே கோவிலே இல்லை, நான் பத்துப் பதினைந்து சாமியை உண்டாக்கி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற நான் கரைத்த மஞ்சள் என்று தெரிந்தால் அந்தச் சாமிகளே குழம்பிப்போகும்.

"அக்கா, மூணு மணிக்கு இவருக்கு இன்டர்வியூ. சிக்னல் எங்க கிடைக்கும்?"

"புதூர்ல வாழக்கா மண்டிகிட்ட டவர் இருக்கு. இந்தா, குதிரை வருது பாருங்க, அது பின்னாலயே போங்க. நேரா மண்டிக்குத்தான் போகும். ஆனா முன்னால போயிராதீக, நின்னுரும்."

ஆள் இல்லாமல் ஒரு பழுப்புக் குதிரை, இரண்டு பக்கமும் வாழைத்தாரோடு, ஆபீஸ் போகிற மாதிரி நடந்து வந்தது. மணி ஒன்று நாற்பது. அடுத்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் நான் அதிகம் பார்த்தது ஒரு குதிரையின் பின்பக்கம். அது புல் தின்றால் நாங்கள் நின்றோம். அது யோசித்தால் நாங்களும் யோசித்தோம். அவசரத்தில் நான் ஒரு தரம் முந்தப் பார்த்தேன். சொன்ன மாதிரியே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் அசையவே இல்லை. "ஏலே, பின்னால வாடா! இன்னைக்கு ஒரு நாளாச்சும் பின்னால வா!" என்று அண்ணன் கத்தினார். அன்றைக்கு அவர் என்னிடம் கோபமாகச் சொன்னது அவ்வளவுதான்.

இரண்டு ஐம்பதுக்கு மண்டி. அண்ணன் சட்டையில் முள், தலையில் இலை. வாழைத்தார் அடுக்குக்கு முன்னால் நின்று போனிலேயே இன்டர்வியூ. நான் போனைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் சிலை. பின்னால் நம்ம குதிரை எட்டிப் பார்த்துக் கனைத்தது. அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அண்ணன் மறைக்கவில்லை, அம்பு, கல், குதிரை எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பெயின் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், காலுக்கு ஷூ, அட்டைக்கு உப்பு, திரும்புகிற பஸ் நேரம் கண்டக்டர் வாயால். குதிரை வந்தால் மலைப் பக்கம் ஒதுங்கி நிற்கவும், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். வழியை ஆளிடம் கேளுங்கள். கல்லிடம் கேட்காதீர்கள். எந்தக் கல்லிலும் எதையும் பூசாதீர்கள்.

எழுதி முடித்து இம்ரானிடம் காட்டினேன். ஒரு திருத்தம் போட்டால்தான் விடுவேன், இல்லையென்றால் கமென்ட்டில் வருவேன் என்கிறான். சரி. அம்பு முழுக்கப் போட்டது அவன்தான். திங்கட்கிழமை நான் மஞ்சளைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கித் திரும்பி வந்து, அவன் வரும்வரை டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். மேற்பார்வை என்றது அதைத்தான். அந்த ஏற்றத்துக்கு அப்பால் என் கால் முதன்முதலாகப் பட்டதே வியாழக்கிழமைதான். இதை இப்போது சொல்ல வேண்டிய அவசரம் ஒன்று இருக்கிறது: கோயம்புத்தூருக்கு அண்ணனுக்குத் துணையாக, வழி தெரிஞ்ச பய என்று என்னைத்தான் அனுப்பப் போகிறாராம் பெரியம்மா. பெரியம்மா, இம்ரானை அனுப்புங்க.