டிரஸ்ட் கலைந்தபோது நான் சொன்ன ஓம்கள்

பங்கு வாங்கி விற்கும் கொம்பனியில் தொலைபேசி எடுக்கிறவளின் தொழில், தெரியாததையும் சொல்லாமல் தெரிந்ததையும் சொல்லாமல் மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருப்பது. ஊராரின் குழப்பத்தைக் காதில் வாங்கிச் சீவிக்கிறவர்களே, உங்களுக்கு இது புதிதாக இராது.

லண்டனில், குரோய்டனில் எங்கள் அலுவலகம். தமிழ் லைனுக்கு ஒருத்தி வேண்டுமென்று என்னை எடுத்தார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். வாடிக்கையாளருக்கு விவரம் சொல்லலாம், ஆலோசனை சொல்லக் கூடாது. "இதைச் செய்யுங்கோ" என்று ஒரு சொல் அழைப்புப் பதிவில் அகப்பட்டால் வேலை போய்விடும். வேலை போனால் மகளின் நேர்சரி போகும். நேர்சரி போனால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு வேலை தேடவும் ஏலாது. நான் படித்த கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் "கேட்டதற்கு மட்டும் பதில்" என்று பழக்கியிருந்தார்கள். இங்கே கேட்டதற்கே பதில் சொல்லக் கூடாது.

அந்த நேரம் பார்த்து ஒரு முதலீட்டு டிரஸ்ட்டைக் கலைக்கத் தீர்மானித்தார்கள். பலருடைய காசைச் சேர்த்துப் பங்குகள் வாங்கி நடத்துகிற கொம்பனிதான் அது. அதில் பங்கு வைத்திருந்தவர்கள் காசாக எடுக்கலாம், வேறொரு நிதிக்கு மாற்றலாம், பாதிபாதியும் செய்யலாம். குறித்த திகதிக்குள் பதில் வராவிட்டால் காசுதான். எங்கள் சனத்தில் ஒருவர் ஒன்றை வாங்கினால் அவர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்த அத்தனை பேரும் வாங்குவார்கள். ஆகவே தமிழ் லைன் ஓயவில்லை.

ஆர் சண்டை பிடிச்சது?

முதல் நாளே லூயிஷாமிலிருந்து ஒரு அம்மா எடுத்தார். "பிள்ளை, டிரஸ்ட்டைக் கலைக்கினமாம். உண்மையோ?" என்றார். "ஓம் அம்மா, கடிதம் வந்திருக்குமே" என்றேன். ஒரு பெருமூச்சு. "எனக்கு அப்பவே தெரியும். தலைவருக்கும் பொருளாளருக்கும் முகம் பார்த்துக் கதை இல்லை. இனித் திருவிழா ஆர் செய்யிறது?"

இது கோயில் டிரஸ்ட் இல்லை, பங்குச்சந்தைக் காரியம் என்று விளங்கப்படுத்த எனக்குப் பத்து நிமிடம் போனது. ஒருவரோடு ஒருவருக்குக் கோபம் இல்லை, கணக்குப் பார்த்து, கூட்டம் வைத்து, வாக்கெடுத்து, அமைதியாகக் கலைக்கிறார்கள் என்றேன். அங்கேதான் கதை பிழையாய்ப் போனது.

"சண்டை இல்லாமல் ஒரு டிரஸ்ட்டைக் கலைக்கினமோ? நீர் எனக்கு எதையோ மறைக்கிறீர், பிள்ளை."

இரண்டாம் விருப்பு

எந்த வழி வேண்டும் என்று எழுதி அனுப்புகிற தாளுக்கு ஆங்கிலத்தில் எலெக்‌ஷன் போர்ம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் இலங்கையில் ஒருநாளும் வாக்குப் போடாதவராகத்தான் இருக்க வேண்டும்; அங்கே சனாதிபதித் தேர்தலில் விருப்பத்தின்படி 1, 2, 3 என்று இலக்கம் இடுவார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அனுப்பிய தாளில் காசுக்கு 1, புது நிதிக்கு 2, பாதிபாதிக்கு 3 என்று அழகாக இலக்கம் இட்டிருந்தது.

அழைத்துக் கேட்டேன். "முதலாம் விருப்பு, இரண்டாம் விருப்பு, மூன்றாம் விருப்பு. இதில என்ன விளங்கேல்லை?" என்றார். இது விருப்பு வாக்கு இல்லை ஐயா, ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம், இந்தத் தாள் செல்லாது, புதுத் தாள் அனுப்புகிறேன் என்றேன்.

"நாப்பது வருசம் கழிச்சு ஒரு வாக்குப் போட்டன், அதையும் செல்லாத வாக்கு எண்டு தள்ளிப்போட்டீங்கள்."

அவவுக்கு விளங்காது

கணக்கு ஆர் பெயரில் இருக்கிறதோ அவரோடுதான் நாங்கள் கதைக்க வேண்டும். ஒரு அண்ணை எடுத்து விறுவிறுவென்று கேள்வி கேட்டார். கணக்கோ அவருடைய மனைவியின் பெயரில். போனை அக்காவிடம் கொடுங்கோ என்றேன். "அவவுக்கு இதொண்டும் விளங்காது தங்கச்சி, நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ" என்றார். நான் மறுபடியும் கேட்டேன். அவர் மறுபடியும் விளங்காது என்றார். பின்னால் பிரஷர் குக்கர் விசிலடித்தது. பிறகு போன் கை மாறியது.

அக்கா மூன்றே கேள்வி கேட்டார். புது நிதியில் வருடக் கட்டணம் எவ்வளவு, வரியில்லாத ஐசா சேமிப்புக் கணக்குக்குள் இருந்தபடியே மாற்ற ஏலுமோ, காசு என்றால் ஒரேயடியாக வருமோ தவணையாக வருமோ. புத்தகம் போல வந்த அந்தக் கடிதத்தில் எத்தனையாம் பக்கத்தில் எது இருக்கிறதென்று அவர்தான் எனக்குச் சொன்னார். தலைமை அலுவலகத்தில்கூட அவ்வளவும் வாசித்தவர்கள் இருப்பார்களோ தெரியாது. அண்ணை பக்கத்தில் நின்று என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"அவரைப் பிழையா நினையாதையுங்கோ தங்கச்சி, கடிதத்தில படம் இருந்த பக்கம் வரைக்கும் அவரும் வாசிச்சவர்."

பதினேழு ஓம்

கிங்ஸ்பரியிலிருந்து சிவஞானம் ஐயா எடுத்தது திகதி முடிய இரண்டு நாள் இருக்கும்போது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; மனைவி தவறி ஒரு வருடம். அரை மணித்தியாலம் கதைத்தார். மாற்றினால் இது, எடுத்தால் அது, மகன் இப்படிச் சொல்கிறான், மருமகள் அப்படிச் சொல்கிறா. நான் "ஓம்... ஓம் ஐயா... ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் "அப்ப காசா எடுக்கிறதுதான் புத்தி போல, என்ன?" என்றார். அதற்கும் என் வாய் "ஓம் ஐயா" என்றுவிட்டது. அவர் காசாக எடுத்தார்.

என்னை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று பார்க்கிற வாரம் அலுவலகத்தில் எடுத்துக் கேட்ட பதிவு அதுதான். தமிழ்ப் பதிவுகளைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பவர் எங்கள் மேற்பார்வையாளர் ரேவதி மேடம், கோயம்புத்தூர்க்காரர். என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்.

"பதினேழு தடவ ஓம் சொல்லியிருக்கீங்க. ஓம்னா ஆமாதானே?"

"ஆமாதான் மேடம். ஆனா எல்லா ஓமும் ஆமா இல்லை. நாங்கள் கதை கேக்கிறதுக்கும் ஓம் சொல்லுவம். நீங்கள் 'ம்' எண்டு சொல்லுவீங்களே, அதுமாதிரி."

"சரி. அந்தக் கடைசி ஓம்?"

நேர்சரிக் கதவு என் கண்ணுக்கு முன்னால் மூடிக்கொள்வது போல இருந்தது. பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் தேய்த்தது போல எரியும்படி என்னை வளர்த்திருந்தார்கள். "தெரியேல்லை மேடம். வாய் பழக்கத்தில சொல்லிப்போட்டுது" என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். கோபமில்லை, உண்மையாகவே குழம்பியிருந்தார்.

"பதினாறு 'ம்', ஒரு 'தெரியல'. இத நான் இங்கிலீஷ்ல எப்படிப்பா எழுதுறது?"

சாட்சி

ஒரே வழிதான் இருந்தது. ஐயாவையே அழைத்து, அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று அவர் வாயாலே கேட்பது. ரேவதி மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் அதே அறையில் இருந்தேன், மூச்சுக்கூட விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஐயா "ஓம், அந்தப் பிள்ளைதான் காசா எடுக்கச் சொன்னது" என்றால் கதை முடிந்தது. அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. புது நிதி அந்த வாரம் வேறு நன்றாக ஏறியிருந்தது.

"ஐயா, காசா எடுத்துக்கோங்கன்னு எங்க பொண்ணு உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று ரேவதி மேடம் கேட்டார்.

"ஆர், அந்தத் தமிழ்ப் பிள்ளையோ?" அங்கே தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அது எங்கை சொன்னது? அரை மணித்தியாலம் எல்லாம் சொன்னது நான். அது ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தது. மனிசி போன பிறகு நான் கதைக்கிறதை நடுவில முறிக்காமல் கேட்ட ஆள் அது ஒண்டுதான், அதுக்காகத்தான் நானும் போனை வைக்கேல்லை."

மேடம் எழுதிக்கொண்டே, அப்படியானால் எங்கள் சேவையில் உங்களுக்குத் திருப்திதானா என்று கேட்டார். அது விசாரணைத் தாளில் இருக்கிற கடைசிக் கேள்வி.

"திருப்தியோ? நல்ல பிள்ளை, மேடம். ஆனா ஆலோசனை எண்டு பார்த்தால் ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை."

அதை ரேவதி மேடம் ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்பினார். ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லாதவள் என்று பதிவாகி, அதனாலேயே நிரந்தரமாகி, மகளை நாளைக்கும் நேர்சரியில் விடப்போகிறவள் நான்.