வெள்ளை கோபுரத்துக்குக் கீழே நின்றவர்

என் கணவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்றே, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் மலைக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடம் புடவை விரித்துக் காட்டியவர். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன நிறம் எடுத்தார்கள் என்று கேட்காமலே சொல்வார். அந்த மனிதரைப் பார்த்து நாலு பேர் 'பாவம்' என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது. பிறந்த ஊரான வையம்பட்டியிலேயே வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகனிடம்கூடச் சொல்லவில்லை. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் யாராவது கேட்டால், "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்பேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு புரட்டாசி சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கினார். நான் கதவைச் சாத்திவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. கட்டிலில் அவர் இல்லை. ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையும் இல்லை. செல்போன் மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

எதிர்வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழைய கடைக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்தேன். கடையில், "இந்தப் பக்கம் வந்தேன், அவரு உங்களையெல்லாம் விசாரிச்சாரு" என்று பொய் சொல்லிக்கொண்டே கண்ணால் தேடினேன். மலைக்கோட்டையைச் சுற்றிச் சந்து சந்தாக நடந்தேன். ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் அவரைப் போலவே இருந்தது. கால் வீங்கியதுதான் மிச்சம். வீட்டுக்குத் திரும்பி, ஸ்ரீரங்கத்துத் தாயார் படத்துக்கு முன்னால் விழுந்தேன். அழகாகக் கேட்கத் தெரியவில்லை. "தாயே, அவரைக் குணமாக்குன்னு இனிமே கேக்க மாட்டேன். ஆளைக் காட்டு, போதும்" என்று அழுதேன்.

அந்தச் சத்தம் எதிர்வீடு வரை கேட்டிருக்கிறது. அங்கே குடியிருக்கும் ஜெயராமன் ஓடி வந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை. "அவருக்கு ஞாபகம் தப்பிப் போச்சு தம்பி. ரெண்டு வருஷமாச்சு. இப்ப ஆளையே காணோம்" என்று கொட்டிவிட்டேன்.

ஜெயராமன் முகம் வெளுத்தது. "அக்கா, நான்தான் மதியம் அவர பைக்ல கூட்டிட்டுப் போயி ஸ்ரீரங்கம் பஸ்ல ஏத்தி விட்டேன். புரட்டாசி சனிக்கிழமை, பெருமாளப் பாக்கப் போறாருன்னு நெனச்சேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?"

செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

அவருடைய பைக்கிலேயே கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் தண்ணீரைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. எங்களுக்குக் கல்யாணமான வருடம், ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி. பரமபத வாசல் நெரிசலில் அவர் கையிலிருந்து என் கை நழுவிவிட்டது. எங்கெங்கோ சுற்றி, வெள்ளை கோபுரத்துக்குக் கீழே நின்று அழுதுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தார். திட்டவில்லை. சுக்கு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனிமே எப்பப் பிரிஞ்சாலும் ரெண்டு பேரும் இங்கதான் வந்து நிக்கணும். யாரு முதல்ல வந்தாலும் நகரக் கூடாது" என்றார். அதற்கப்புறம் எத்தனை ஏகாதசி, எத்தனை தேர். அவர் தேடி வந்து என்னைக் கண்டதும் மலரும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று, நானே வேண்டுமென்று நழுவிப் போய் அங்கே நின்றதும் உண்டு.

"தம்பி, வெள்ளை கோபுரத்துக்குப் போங்க" என்றேன்.

நின்றுகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து, உதடு காய்ந்து போயிருந்தது. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, "உக்காருங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறாரு" என்றார். என்னைப் பார்த்ததும் என் கணவர் முகம் மலர்ந்தது. அதே பழைய முகம்.

"எங்க போன சரசு? எந்திரிச்சுப் பாத்தா உன்னைக் காணோம். நகரக் கூடாதுல்ல, அதான் நின்னுக்கிட்டே இருக்கேன்."

காணாமல் போனது நான் என்று நினைத்து, என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நோய் குணமாகவில்லை. இப்போது பல நாள் என் பெயர்கூட அவருக்கு வருவதில்லை. ஆனால் நான் கேட்டதைத் தாயார் கொடுத்தாள். முதலில் என் வாயைத் திறந்தாள், பிறகு ஆளைக் காட்டினாள். மறுநாளே மகனிடம் சொன்னேன், தெரு முழுக்கச் சொன்னேன். நான் பயந்ததுபோல யாரும் உச்சுக் கொட்டிவிட்டுப் போகவில்லை. அவர் தெருமுனையைத் தாண்டினால் டீக்கடைக்காரர் போன் செய்கிறார். ஜெயராமன் வீட்டில் எங்கள் சாவி ஒன்று இருக்கிறது. அவருடைய சட்டைகளில் என் நம்பரை எழுதித் தைத்து வைத்திருக்கிறேன்.

அரங்கன் அடியார்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பெருமாளிடம் அழுவதை எதிர்வீட்டிலும் சொல்லுங்கள். அவன் அனுப்பும் உதவி அங்கே இருந்தும் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் வெள்ளை கோபுரத்துக்குக் கீழே இருக்கிறோம். எங்களைப் போல நாலைந்து குடும்பங்கள் வருகின்றன. பேசுகிறோம், சில நாள் அழுகிறோம், சுக்கு காபி குடிக்கிறோம். நீங்களும் வாருங்கள். தாமதமானாலும் பரவாயில்லை. நாங்கள் நகர மாட்டோம்.