மடவார் வளாகத்தில் நான் கேட்ட காய்ச்சல்

ஆறாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க நான்தான் முதல் ரேங்க். எங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் அந்த விவரம் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், இமயமலைப் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் இருந்த டென்சின் என்ற திபெத்தியப் பையன்.

அப்பா பட்டாளத்தில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்று, இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் அவருடைய உயிர்க் கூட்டாளி ஒரு திபெத்தியர். அவருடைய அண்ணன் மகன்தான் டென்சின். அவனுடைய அப்பா அம்மா திபெத்திலேயே இருக்க, ஆறு வயதில் இவனை மட்டும் ஊர்க்காரர்களோடு மலை தாண்டி அனுப்பிவிட்டார்களாம், இங்கே வந்தால் தங்கள் மொழியும் சேர்த்துப் படிப்பான் என்று. படிப்பதற்காக ஒருவனை மலை தாண்டச் சொல்வது எனக்கு அநியாயமாகப் பட்டது. எங்கள் தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகவே எனக்கு வயிறு வலிக்கும்.

அவன் படிப்புக்கு அப்பா தன்னால் ஆனதை அனுப்பி வந்தார். என் பங்கு, மாதம் ஒரு கடிதம்.

"அவனுக்கு எழுத ஆள் இல்லலே. நீ எழுது. ரெண்டு பேருக்கும் இங்கிலீசு வரும்" என்றார் அப்பா.

இங்கிலீஷ் வரவில்லை, பொய் வந்தது. நான் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. 'முதல் ரேங்க்' என்பதை இங்கிலீஷில் எழுதுவது சுலபம். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தாறாவது என்பதற்கு ஸ்பெல்லிங் தெரிய வேண்டும்.

தான் பத்தொன்பதாவது, வெட்கமாக இருக்கிறது என்று அவன் பதில் எழுதினான். அடுத்த பரீட்சையில் பதினொன்றாவது வந்துவிட்டதாக எழுதினான். உடனே எனக்கு உற்சாகம் பிறந்து, தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நான் எப்படிப் படிக்கிறேன் என்று இரண்டு பக்கத்துக்கு அறிவுரை எழுதினேன். அதுவரை விடியற்காலை நாலு மணியை நான் பார்த்ததே இல்லை.

டிசம்பரில் இடி விழுந்தது. வருடப் பரீட்சை முடிந்து, பனிக்காலத்தில் அவர்கள் பள்ளிக்கு நீண்ட விடுமுறை. வீடு இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மற்றவர்கள் விடுதியிலேயே கிடப்பார்கள். அந்த வருடம் அவன் சித்தப்பாவுக்குப் பட்டாளத்தில் லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் வந்ததும், "அப்போ பிள்ளை நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்றார் அப்பா. மதுரைக்கு வருடா வருடம் ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியர்களோடு டென்சின் வந்து இறங்கினான். அப்பா போய் ரயிலில் அழைத்து வந்தார்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அரையாண்டுப் பரீட்சை நினைப்பு. பள்ளி திறக்கிற திங்கட்கிழமை ரேங்க் கார்டு கொடுத்துவிடுவார்கள். டென்சினோ பிப்ரவரி வரை இருப்பான்.

மார்கழிக் குளிருக்கு நாங்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு திரிய, அவன் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். அம்மா அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம்புட்டு எலும்பா இருக்கு பாரு. ஏன்யா, இன்னொரு தோசை வச்சுக்கிடுதியா?" அவன் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் 'போதும்'. அம்மாவுக்குத்தான் அந்தச் சொல் கடைசிவரை புரியவில்லை. அப்பாவும் அவனும் இந்தியில் பேசிக்கொள்ளும்போதெல்லாம், எந்த வார்த்தையில் என் ரேங்க் வெளியே போகிறதோ என்று நான் கதவோரம் நின்று வியர்த்தேன். எனக்கு இந்தி தெரியாது. பயப்பட மொழி வேண்டியதில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, எங்கள் இருவரையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தை அங்கே மடவார் வளாகம் என்ற பகுதியில் இருந்தாள். சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல், அத்தையிடமிருந்து யாரும் தப்ப முடியாது. டென்சின் தலையில் நல்லெண்ணெயை ஊற்றி, சீயக்காய் போட்டு அலசி, வயிறு நிறையச் சோறும் போட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "மருமகனே, எண்ணெ தேச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கப்படாது. நான் கடைக்குப் போயிட்டு வாரேன். செத்த நேரம் அவனுக்குப் பேச்சுக் குடுத்துக்கிட்டு இரு."

எனக்கு வேறு வேலை இருந்தது. அத்தை தலை மறைந்ததும் வைத்தியநாத சுவாமி கோவிலுக்கு ஓடினேன். நோய் தீர்க்கிற சாமி. தீர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுக்கத் தெரியாதா என்பது என் யோசனை. நடை சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டேன். திங்கட்கிழமைக்குள் காய்ச்சல் வர வேண்டும், பெரிதாக வேண்டாம், ஊசி போடுகிற அளவுக்கு வேண்டவே வேண்டாம். பிப்ரவரி வரை அதை எப்படி இழுப்பது என்பதைச் சாமியின் பொறுப்பில் விட்டேன்.

திரும்பி வந்தால், டென்சின் வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவன் உடம்பு கொதித்தது.

அத்தை என் காதைப் பிடித்தாள். "ஏலே, என்ன சொல்லிட்டுப் போனேன்? எங்கலே போய்த் தொலைஞ்ச?"

டாக்டர் வந்து, நான் வேண்டாம் என்று சொல்லியிருந்த அந்த ஊசியையும் அவனுக்கே போட்டார். பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் மாறினது என்றார். என் காதில் விழவில்லை. செய்தி கேட்டு டவுன் பஸ்ஸில் வந்த அப்பா, அவன் நெற்றியில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். பிறகு அத்தையிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆத்தா அப்பனக் கண்ணுல காணாம வளருத பிள்ளை. ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருக்குன்னு சொல்லி அனுப்ப? ஒரு விலாசம்கூட இல்ல."

நான் உடைந்துபோனேன். பட்டாளமே திரண்டு வந்து என்னை ஜீப்பில் ஏற்றுவதாகத் தோன்றியது. "சாமிகிட்ட எனக்குத்தான் காய்ச்சல் கேட்டேன், அவனுக்குப் போயிருச்சு" என்று கதறினேன். ஏன் கேட்டாய் என்றார் அப்பா. அதைச் சொல்ல, ரேங்க் கார்டைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல, கடிதங்களை. விடியற்காலை நாலு மணிப் பொய் வரைக்கும் சொல்லி முடித்தபோது அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

போர்வைக்குள்ளிருந்து டென்சின், என்ன என்று கேட்டான். அப்பா ஒன்று விடாமல் இந்தியில் சொன்னார். அடுத்த நாட்டுக்காரன் முன்னால், அடுத்த மொழியில், என் மானம் போவதைக் கட்டில் காலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. மெல்ல ஏதோ சொன்னான். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஒன்னைய எட்டிப் பிடிக்கணும்னு நெசமாவே நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிச்சானாம்லே. வருசப் பரீட்சைல மூணாவது வந்திருக்கான். மொத ரேங்கு வரலைன்னு கூச்சப்பட்டு நம்மட்ட சொல்லல."

"பொய்க்கு இம்புட்டு பலனா" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இறங்கியது. கடிதம் அதன் பிறகும் நிற்கவில்லை. டென்சின் இப்போது அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். விடுதியில் விடுமுறைக்குப் போக இடமில்லாத பிள்ளைகளுக்கு, மாதம் ஒரு கடிதம் எழுத நாலா பக்கமும் ஆள் பிடிக்கிறான். எழுதுவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையாம். என்னையும் சேர்த்திருக்கிறான்.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லவில்லையே. முப்பத்தாறாவது ரேங்க் கார்டோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் ஒரு கிறுக்குக் கிறுக்கி, "போலே" என்றார். பக்கத்தில் நின்று பார்த்த டென்சின் உள்ளே போய், பெட்டியின் அடியிலிருந்து தன் கார்டை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினான். மூன்றாம் ரேங்க். கையொப்ப இடத்தில் விடுதிக் காப்பாளர் ஏற்கெனவே போட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதை விரலால் காட்டினான்.

அப்பா சாவியைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டார். பேனாவைச் செய்தித்தாள் ஓரத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, பட்டாளத்துக் காகிதத்தில் போடுவதுபோல் முழுப்பெயரையும் நிதானமாக எழுதினார். மை காயும்வரை டென்சின் கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையெழுத்தெல்லாம் முடிந்து, யாரிடமும் காட்ட வேண்டிய தேவையே இல்லாத ஒரு கார்டு. எனக்கு மட்டும் அப்படி ஒன்று வாய்த்திருந்தால் வாழ்நாள் முழுக்க நிம்மதியாக இருந்திருப்பேன். இவன் தானாகப் போய் ஓர் அப்பாவிடம் நீட்டுகிறானே, இந்த விவரங்கெட்டவன் எப்படி மூன்றாவது வந்தான் என்று வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.