பஞ்சர் காயும் நேரத்தில்

டியூபில் பஞ்சர் சொல்யூஷன் தடவி அது காயும்வரை, சைக்கிளைக் கொண்டுவந்தவர் எங்கும் எழுந்து போக முடியாது என்பதுதான் சைக்கிள் கடைத் தொழிலில் கர்த்தர் எனக்கு வைத்த வசதி. நீங்களும் யாரிடமாவது இயேசுவைப் பற்றிப் பேச வாயைத் திறந்து, "ஷிஃப்டுக்கு டைமாச்சு" என்ற பதிலைக் கேட்டு வாயை மூடியவர்கள்தானே? உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஒரகடம் கூட்டு ரோட்டில் கடை போட்டிருந்தேன். நான் அதிகம் படித்தவனில்லை. சபையில் கேட்டதைக் கதையாகச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். சுவிசேஷம் சொல்வது தன் வேலை மட்டுமல்ல, எங்கள் எல்லோர் வேலையும்தான் என்று பாஸ்டர் ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜல்லி லாரித் தூசி

பிள்ளைப்பாக்கத்துப் பால்காரர் கன்னியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சொல்யூஷனைத் தடவிவிட்டு, இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையை ஆரம்பித்தேன். விரலில் பிசுபிசுக்கும் பதத்தில் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்திவிட வேண்டும். நானோ கதையில் ஜனங்களை வரிசையாகப் புல்தரையில் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு ஜல்லி லாரி போய், தடவிய இடமெல்லாம் தூசி. அதன் மேலேயே ஒட்டி அனுப்பினேன்.

சாயங்காலம் பால் கேனோடு வேர்த்து வழியச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். "உங்க சாமி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல நைனா. மொதல்ல ஒழுங்கா ஒட்டு போடு, அப்பறமா அவரப் பத்திப் பேசு, குந்திக்கினு கேக்குறேன்."

பாதியில் நின்ற கதை

அதற்குப் பிறகு கதைகளைச் சுருக்கினேன். பக்கத்துக் கம்பெனியில் லைனில் வேலை செய்த சேகர் என்ற பையனுக்கு, அப்பாவிடம் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டுப் பன்றி மேய்த்த மகனின் கதையைச் சொன்னேன். பையன் வீட்டுக்குத் திரும்பி நடக்கிறான், அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லும்போது கம்பெனியில் சங்கு ஊதிவிட்டது. சேகர் பறந்துவிட்டான்.

மறுநாள் வந்து நின்றான். டயர் கல் மாதிரி இருந்தது. காற்றும் வேண்டாம் என்றான். "அந்தப் பையன அவங்கப்பா வூட்ல சேத்தாரா, இல்லியா? லைன்ல எல்லாரும் என் உயிர எடுக்குறானுங்க பெர்சு!"

கேட்டு

சேகர் வேலை செய்த லைனுக்கு சூப்பர்வைசர் கோதண்டம். அங்கேயே வேலை செய்த என் மகன் ஒரு மழை நாளில் தாமதமாகப் போனதற்கு அவனை கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, இனிமேல் வர வேண்டாம் என்று அனுப்பியவர். எல்லோரும் பார்க்க நின்று கெஞ்சியிருக்கிறான். இந்த ஆள் உள்ளே போய்விட்டார்.

தினமும் என் கடையைத் தாண்டித்தான் அவர் போவார். அவர் தலை தெரிந்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு ஸ்போக் இறுக்குவேன். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் ரட்சிப்பு சொல்ற, அந்தாளுக்கு மட்டும் பரலோகத்துக்கு கேட்டு போட்டு வச்சிக்கிறியே, நீ இன்னா அங்க சூப்பர்வைசரா?"

ஓட்டை இல்லாத டியூப்

ஒருநாள் கோதண்டமே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. டியூபை உருவி, காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. காற்றடிக்கும் வாயில் மாட்டும் வால்வு டியூபும் நன்றாகத்தான் இருந்தது.

"ஓட்டையே இல்லையே" என்றேன். அத்தனை மாதத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"தெரியும் பெரியவரே. காத்த நான்தான் புடுங்கி வுட்டேன்" என்றார். "சும்மா வந்தா நீங்க மூஞ்சி குடுக்க மாட்டீங்க. எம் பையன் கோச்சிக்கினு வூட்ட வுட்டுப் போயிட்டான், எங்க கீறான்னே தெரியல. ஒரு அப்பன் தெருவையே பாத்துக்கினு இருந்தான்னு சேகர் சொன்னான். அத எனக்கும் சொல்லுங்க."

ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முழுக் கதையையும் சொன்னேன். நாற்றமடித்துக்கொண்டு வந்த மகனை அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார் என்றபோது, டியூபை என் கையிலிருந்து மெல்ல வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்த கூடத் திட்டாமயா கட்டிக்கினாரு?"

என் மகனை அவர் கேட்டில் நிறுத்தியதை நான் இன்றுவரை மறக்கவில்லை என்றாலும், அன்றிலிருந்து அவர் மகன் வருகிறானா என்று கடையில் உட்கார்ந்தபடி நானும் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.